முகச் சுருக்கமும் மலைநாட்டு வெயிலும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. அகத்தின் அழகு மாத்திரமன்று. ஒருவர் செய்யும் தொழிலும், நிற்கும் இடமும், படும் வெயிலும், எதிர்கொள்ளும் காற்றும் காலப்போக்கில் முகத்திலே தெரியத்தான் செய்கின்றன. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளில் நெடுங்காலம் கொழுந்தெடுத்த பெண்களின் முகத்தை நோக்குவோர் மூன்று வகையான கோடுகளைக் காண்பர். கண்ணின் கடையில் விசிறி விரித்தாற்போல ஓடுபவை ஒரு வகை. இரு புருவங்களுக்கும் இடையே செங்குத்தாக நிற்பவை மற்றொரு வகை. நெற்றியின் குறுக்கே படிந்தவை மூன்றாம் வகை. சிரிப்பும் கவலையும் வியப்பும் கூச்சமும் முகத்திலே மடித்த மடிப்புகள் இவை. ஆதலால் இவற்றை உணர்ச்சிக் கோடுகள் என்று சொல்லலாம்.

இக்கோடுகளை மென்மையாக்கும் என்று விளம்பரஞ் செய்யப்படும் ஒரு பொருள் இப்பொழுது மலைநாட்டு வீடுகளையும் எட்டியிருக்கிறது. அதன் பெயர் பெப்டைட்டு. கைத்தொலைபேசியில் விளம்பரம் வருகிறது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ தொழில் புரியும் மகள் ஒரு சிறு புட்டியை அனுப்பி வைக்கிறாள். உள்ளபடியே இது பயன் தருமா? தருமாயின் எவ்வளவு? தோட்டத்தில் வாழும் ஒரு பெண் தன் முகத்திற்காகச் சிறிது பணமும் சிறிது நேரமும் ஒதுக்கக்கூடுமானால், அவற்றை எதிற் செலவிடுவது தகும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

முதலில், கோடு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிதல் வேண்டும். உடலின் பிற பகுதிகளில் தசைகள் பெரும்பாலும் எலும்போடு எலும்பை இணைத்து நிற்கின்றன. முகத்தில் அவ்வாறன்று. முகத்தசைகளுள் பல, ஒரு முனையால் எலும்பையும் மறு முனையால் தோலையும் பற்றியிருக்கின்றன. ஆகவே தசை சுருங்கும்போது தோலும் உடன் மடிகிறது. துஷேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் முகத்தசைகளில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எத்தசை எவ்வுணர்ச்சியைக் காட்டுகிறது என்று ஆராய்ந்து 1862 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மனமார்ந்த சிரிப்பில் வாயோரத் தசையோடு கண்ணைச் சூழ்ந்த தசையும் சேர்ந்து இயங்குகிறது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. கண்கடைக் கோடுகள் பிறப்பது அந்தத் தசையினாலேயே.

தசைக்கும் கோட்டிற்கும் உள்ள தொடர்பை இயற்கையே வேறொரு வகையிலும் காட்டுகிறது. முகநரம்பு செயலிழந்து முகத்தின் ஒரு பக்கம் அசைவற்றுப் போகும் நோயைச் சிலர் கண்டிருக்கலாம். சார்ள்ஸ் பெல் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியரின் பெயரால் அது வழங்குகிறது. நோயுற்ற பக்கத்தில் நெற்றிக் கோடுகள் மறைந்துவிடும். மறு பக்கத்தில் அவை இருந்தபடியே இருக்கும். இரு பக்கத்திற்கும் ஒரே வயது, ஒரே தோல். தசை ஓய்ந்த பக்கத்திலேதான் கோடும் ஓய்ந்தது.

ஆயினும், தசை மடிப்பது மட்டுமே காரணமென்றால், ஓயாது சிரித்தும் அழுதும் விளையாடும் குழந்தையின் முகத்தில் நிலையான கோடுகள் ஏன் இல்லை? இங்கேதான் தோலின் பங்கு வருகிறது. தோலின் உட்பகுதியில் கொலாஜன் என்னும் உறுதியான புரத நார்களும், எலாஸ்டின் என்னும் இழுபடும் நார்களும் பின்னிக் கிடக்கின்றன. இளமையில் இப்பின்னல், மடிந்த தோலை உடனே நிமிர்த்திவிடுகிறது. புதுச் சேலையை மடித்து உதறினால் மடிப்பு மறைகிறதல்லவா? நாட்பட்ட சேலையிலோ மடித்த இடத்திலே கோடு நின்றுவிடுகிறது. நார்கள் தளர்ந்த தோலும் அத்தகையதே. எனவே நிலைத்த கோட்டிற்குக் காரணங்கள் இரண்டு: மடிக்கும் தசை ஒன்று, நிமிரும் ஆற்றலை இழந்த தோல் மற்றொன்று.

தோல் அவ்வாற்றலை இழப்பது வயதினால் மாத்திரம் நிகழ்வதன்று. அதனைப் பெரிதும் விரைவுபடுத்துவது வெயில். சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒரு வகை தோலின் ஆழம் வரை சென்று கொலாஜன் நார்களைச் சிதைக்கிறது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் பாரவண்டி ஓட்டிய 69 வயது முதியவர் ஒருவரின் படம் 2012 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. வண்டியின் பக்கக் கண்ணாடி வழியாக வெயில் பட்ட இடது கன்னம் தடித்து, ஆழ்ந்த வரிகளோடு தொங்கியது. வலது கன்னம் பல ஆண்டுகள் இளையதாகக் காணப்பட்டது. ஒரே மனிதனின் முகத்தில் வெயில் எழுதிய கணக்கு அது.

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏற ஏறக் கதிர்களைத் தடுக்கும் காற்றுப்படலம் மெலிகிறது. ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் புறஊதாக் கதிர்களின் வலிமை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி, வானம் ஒரே வகையாகத் தெளிந்திருக்குமாயின், நுவரெலியாவில் படும் கதிர்கள் கடற்கரையில் படுபவற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிகுந்திருக்கும். இலங்கையோ பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள நாடு. ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியிலும் செப்டெம்பர் மாதத்தின் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நம் மலைநாட்டின் உச்சிக்கு நேரே நிற்கிறது.

உடல் வெப்பத்தை உணர்கிறது. புறஊதாக் கதிரை உணர்வதில்லை. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ நண்பகலில் நிற்பவர் வெம்மை தாளாமல் தாமாகவே நிழலை நாடுவார். நுவரெலியாவில் நிற்பவரோ குளிருக்கு இதமாக வெயிலை நாடுகிறார்! சனவரி முதல் மார்ச்சு வரை, டிம்புலைப் பகுதித் தேயிலை தரத்திற் சிறந்து விளங்கும் காலத்தில், இரவிலே பனி, பகலிலே தெளிந்த வானம், வறண்ட காற்று ஆகிய மூன்றும் கூடுகின்றன. காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. வெயில் நார்களைத் தாக்குகிறது. குளிரோ இரண்டையும் மறைத்துவிடுகிறது. மூடுபனி உள்ள நாளிலும் முழுக் காப்பு உண்டென்று கொள்ளலாகாது. மெல்லிய முகிலை ஊடுருவிப் புறஊதாக் கதிர்களின் பெரும்பகுதி வந்துவிடும்.

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இன்னோர் இடரும் உண்டு. மலைச்சரிவில் நின்று வெயிலை எதிர்நோக்கும்போது கண் தானாகவே இடுங்குகிறது; புருவம் நெரிகிறது. கொழுந்தையும் முற்றிய இலையையும் பகுத்தறியக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை! இவ்வாறு தசையின் மடிப்பும் தோலின் தளர்ச்சியும் ஒரே முகத்தில் ஒரே வெயிலினால் சேருகின்றன. நம் கருமைநிறம் இறைவன் தந்த குடை. அக்குடை இருப்பதனால், வெள்ளைத்தோலினரைவிட நமக்குச் சுருக்கம் பிந்தியே வருகிறது. ஆனால் அது முழுக் குடையன்று. சுருக்கத்திற்கு முன்னரே கன்னத்தில் படரும் மங்கு அதற்குச் சான்று.

காரணம் விளங்கிற்று. இனி மருந்தென்று சொல்லப்படும் பெப்டைட்டைப் பார்ப்போம். புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு அலகுகள் மணிமாலைபோலக் கோக்கப்பட்டு ஆனவை. நீண்ட மாலை புரதம். அதன் சிறு துண்டு பெப்டைட்டு. உடலில் பல பெப்டைட்டுகள் தூதுவர்போலச் செயற்படுகின்றன. கொலாஜன் சிதையும்போது உண்டாகும் சில துண்டுகள், புது நார் நெய்யுமாறு தோலின் உயிரணுக்களைத் தூண்டக்கூடும். இவ்வுண்மையே அழகுப் பொருள் செய்வோரின் கருத்தைக் கவர்ந்தது.

புட்டிகளில் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று இனங்கள். முதலாவது செப்புப் பெப்டைட்டு. லோரன் பிக்கார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1973 ஆம் ஆண்டில் மனித இரத்த நீரிலிருந்து மூன்று அமினோ அமிலங்களால் ஆன ஒரு பெப்டைட்டைப் பிரித்தெடுத்தார். அது செப்பைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இரண்டாவது, கொலாஜனின் ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்றோடு கொழுப்பமிலத்தைச் சேர்த்துச் செய்தது. மேட்ரிக்ஸில் என்னும் வணிகப் பெயரால் அது அறியப்படுகிறது. மூன்றாவது, ஆர்ஜிரலின் என்று பெயரிட்டு விற்கப்படும் ஆறு அமினோ அமிலப் பெப்டைட்டு. இது நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும் பொறியிலுள்ள ஒரு புரதத்தின் நுனியைப் போல அமைக்கப்பட்டது. போலி நுனி உண்மை நுனியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கட்டளை மெலியும், தசை தளரும், கோடும் குறையும் என்பது அதனை ஆக்கியவர்களின் எண்ணம்.

இம்மூன்றாவது எண்ணத்திற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. பொட்டுலினம் என்னும் கொடிய நச்சைக் கண்ணிமை துடிக்கும் நோய்க்கு மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றிவந்த கனடா நாட்டுக் கண் வைத்தியரான ஜீன் கருதர்ஸ் அம்மையார், அவ்வாறு ஊசியிட்ட இடத்தில் புருவக் கோடுகள் மறைவதை 1987 ஆம் ஆண்டளவில் கவனித்தார். அவரும் தோல் வைத்தியரான அவர் கணவரும் 1992 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அந்த ஊசி மெய்யாகவே தசையைத் தளர்த்துகிறது. சில மாதங்களில் அதன் பலன் நீங்கிவிடுகிறது. ஊசியின்றி அதே பலனைத் தருவதாகச் சொல்லியே ஆறு அமிலப் பெப்டைட்டு சந்தைக்கு வந்தது.

சொல்லியபடி நடந்ததா? 2002 ஆம் ஆண்டில் அதனை ஆக்கியோர் வெளியிட்ட ஆய்வில், அப்பெப்டைட்டின் கரைசலை நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்த களிம்பை 30 நாட்கள் பூசியபின் சுருக்கத்தின் ஆழம் நூற்றுக்கு முப்பது வரை குறைந்ததாகக் கூறினர். ஆனால் பூசிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஐந்து அமிலப் பெப்டைட்டுக்குச் சற்று வலுவான சான்று உண்டு. 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், 35 முதல் 55 வயது வரையுள்ள 93 வெள்ளையினப் பெண்கள் முகத்தின் ஒரு பக்கத்தில் பெப்டைட்டுக் களிம்பும் மறு பக்கத்தில் பெப்டைட்டு இல்லாத அதே களிம்பும் 12 வாரங்கள் பூசினர். பெப்டைட்டுப் பூசிய பக்கத்தில் நுண்ணிய கோடுகள் குறைந்தன. ஆனால் அந்த வேறுபாடு சிறிது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில், நம் மலையின் வெயிலில், நடத்திய சோதனை அன்று அது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

பலன் ஏன் சிறிதாயிற்று? தோல் ஒரு வாயில் அன்று. அது ஒரு மதில். அதன் மேற்படை ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு தடிப்பே உடையது. ஆயினும் நீரையும் நஞ்சையும் கிருமியையும் தடுத்து நிற்பது அப்படையே. மூலக்கூற்றின் எடை 500 அலகைத் தாண்டினால் அம்மதிலைக் கடப்பது அரிது என்பது தோல் ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் பொது விதி. ஐந்து அமிலப் பெப்டைட்டின் எடை, கொழுப்பமிலத்தோடு சேர்த்து, 800 அலகளவில் உள்ளது. ஆறு அமிலப் பெப்டைட்டின் எடை அதனிலும் மிகுதி. 2015 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்கூடச் சோதனையில், தோலின்மேல் பூசிய ஆறு அமிலப் பெப்டைட்டின் பெரும்பகுதி கழுவும்போதே போய்விட்டது. மீதியுள்ளதும் மேற்படைகளில் தங்கிவிட்டது. தோலின் உட்பகுதியில் அது காணப்படவில்லை. தசையோ அதற்கும் கீழே இருக்கிறது. வாயிலைத் தாண்டாத தூதுவன் அரண்மனைக்குள் என்ன செய்தி சொல்வான்?

ஆகவே பெப்டைட்டைப் பற்றி நியாயமான தீர்ப்பு இதுவே: அது ஏமாற்று என்று தள்ளத்தக்கதன்று; அற்புதம் என்று கொள்ளத்தக்கதும் அன்று. நுண்ணிய கோடுகள் சற்று மென்மையாகக்கூடும். ஆழப் பதிந்த கோடு அதனால் அழியாது. பூசிய சில நாட்களிலேயே முகம் தெளிந்ததுபோலத் தோன்றுமாயின், அது பெரும்பாலும் களிம்பிலுள்ள ஈரப்பதப் பொருளின் வேலை. வறண்ட தோல் ஈரம் பெற்றால் மெல்லிய கோடுகள் நிரம்பித் தோன்றும். அப்பயனை விலை குறைந்த சாதாரணக் களிம்பும் பெரும்பாலும் தரும். இரவில் முகங் கழுவியவுடன், ஈரம் முற்றும் உலருமுன், சிறிது தேங்காயெண்ணெய் தடவும் வழக்கமும் பலருக்கு உதவும். முகப்பரு உடையோர் மாத்திரம் அதனைத் தவிர்த்தல் நலம்.

விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. புட்டி ஒன்றின் விலை 5,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 2024 ஆம் ஆண்டுக் கூலியில் அது ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு. பலனறிய மூன்று மாதமாவது பூச வேண்டும். அதற்கு ஒரு புட்டி போதாது. மகள் அன்போடு அனுப்பிய புட்டி கையில் இருந்தால் அதனை வீணாக்க வேண்டியதில்லை. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டொரு நாள் பாருங்கள்; எரிவோ தடிப்போ இல்லையென்றால் இரவில் முகத்திற் பூசலாம். ஆனால் கடன்பட்டோ, பிள்ளைகளின் பாற்காசைக் குறைத்தோ வாங்கத்தக்க பொருள் அதுவன்று.

அங்ஙனமாயின் எதிற் செலவிடுவது? கோட்டிற்குக் காரணம் வெயிலும் கண்ணிடுக்கமும் என்று கண்டோம். அவ்விரண்டையும் தடுப்பதே தலையாய வழி. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வு இதற்குச் சான்று. வெயிற்காப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களின் தோல் மூப்பு, விருப்பம்போல எப்போதாவது பூசியவர்களைவிட நூற்றுக்கு 24 பங்கு குறைந்திருந்ததாக 2013 ஆம் ஆண்டில் வெளியான முடிவு கூறுகிறது. விலை மிகுந்த பெப்டைட்டை வாங்கும் பணத்தில் வெயிற்காப்புக் களிம்பை வாங்குவோர் நட்டமடையார். காப்பெண் 30 அல்லது அதற்கு மேற்பட்டதாக அது இருக்கட்டும். ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்திற்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசி, வியர்த்தபின் மீண்டும் பூச வேண்டும்.

களிம்பினும் மலிவானது துணி. அகன்ற விளிம்புள்ள தொப்பி சிறந்தது என்று நகரத்திலிருந்து அறிவுரை சொல்வது எளிது. கூடைக்கயிறு தலையில் கிடக்கும்போது அத்தொப்பி எவ்வாறு நிற்கும்? கயிற்றுக்கு அடியில் வைக்கும் மடித்த துணியோடு, நெற்றிக்கு முன் நான்கு விரற்கடை நீண்டு நிற்கும் விறைப்பான விளிம்பு ஒன்றைத் தைத்துக்கொண்டால், கண்ணுக்கும் நெற்றிக்கும் கன்னத்தின் மேற்பாதிக்கும் நிழல் கிடைக்கும். தையல் அறிந்தவர் கையில் அது ஒரு மணி நேர வேலை. தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் முன்வந்தால், மழைக்குப் படங்கு தருவதுபோல வெயிலுக்கு இதனையும் தரலாம். வெயில் தாக்குவது முகத்தழகை மாத்திரமா? கண்புரை வளர்வதற்கும் புறஊதாக் கதிர்கள் துணை செய்கின்றன. ஆகவே இது வீண் ஆடம்பரமன்று. தொழிலாளர் நலத்தைச் சேர்ந்தது.

நாற்பது வயது கடந்தவர்கள் கண்ணையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பார்வை மங்கியவர் புருவத்தை நெரித்தே எதனையும் பார்ப்பார். ஏற்ற மூக்குக்கண்ணாடி அணிந்தால் நெரிப்பும் குறையும், கொழுந்தும் தெளிவாகத் தெரியும். லயத்துச் சமையலறையில் விறகுப்புகை சூழ்ந்தாலும் கண் இடுங்கும். புகை போக வழி செய்தல் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நன்மை.

இறுதியாக, ஓர் எச்சரிக்கை. சுருக்கம் நீக்கும் களிம்பை நாடிக் கடைக்குச் செல்வோரிடம் நிறம் வெளுக்கும் களிம்பைக் கொடுப்பதுண்டு. அக்களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் இலங்கைக் கடைகளில் வாங்கிச் சோதித்த வெளுப்புக் களிம்புகள் பலவற்றில் அந்நஞ்சு மிகுதியாக இருக்கக் கண்டது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தாக்கும், பூசியவரின் கையிலிருந்து குழந்தைக்கும் சேரும். இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை, அழகுப் பொருள்களில் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என முதலில் வரையறுத்தது. 2023 ஆம் ஆண்டு மாநாட்டில் அந்த விலக்கும் நீக்கப்பட்டு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் யாவற்றையும் 2025 ஆம் ஆண்டுடன் நிறுத்துவதென முடிவாயிற்று. சட்டம் இருந்தாலும் களிம்பு கள்ளவழியில் வரக்கூடும். செய்தவர் பெயரும் சேர்மானமும் அச்சிடப்படாத புட்டியை வாங்காதீர்கள். பொன், வெள்ளி நகைகளிற் படவிடாதீர்கள் என்று உறையில் எழுதியிருந்தால் அதில் பாதரசம் இருக்குமென ஐயுறுங்கள். ஏற்கெனவே பூசிவருபவர் உடனே நிறுத்தி, களிம்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.

சிரித்ததனால் வந்த கோட்டிற்காக எவரும் சிரிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. வெயிலினால் ஆழ்ந்த கோட்டையே நாம் தடுக்க முயல்கிறோம். அதற்கு இன்றே தொடங்கத்தக்க பணி, புட்டி தேடுவதன்று. நாளைக் காலை மலைக்குப் போகுமுன் நெற்றிக்குமேல் ஒரு நிழலைத் தைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு ஒன்று தைக்கும்போது, கூடவே மலையேறும் மகளுக்கும் ஒன்று தைத்துவிடுங்கள். வெயில் தொடங்கும் வயதிலேயே காப்பும் தொடங்கட்டும்.